இரண்டாவது சாட்சி

"எங்கேடா பார்த்தே? கையக் காட்டு."

பீரான் அதட்டியதும் இம்ராஸ் மேற்கே கையை நீட்டினான். குன்றின்மேல் நின்ற பதினைந்து பேரும் அந்தக் கை போன பக்கம் கழுத்தை நீட்டினார்கள். லௌடோகா துறைமுகத்துக் கடலுக்கு மேலே மேகம் கிழிந்த சாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"சக்கரை ஆலைப் புகைபோக்கிக்கு மேலே, மாமா. ரெண்டு விரக்கடை உசரம்."

"கொம்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வலப்பக்கம்."

"பஸ் ஓட்டுறவன் கண்ணுதானே? நேத்து என் கோழி இவன் கண்ணுக்குத் தெரியல, இன்னைக்குப் பிறை தெரிஞ்சுடுச்சாம்" என்றார் ஒருவர். நோன்பு திறந்த தெம்பில் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

மவுலவி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு சாட்சி பத்தாது. இன்னொருத்தர் பார்த்திருந்தாத்தான் நாளைக்குப் பெருநாள். இல்லேன்னா முப்பதாம் நோன்பு. பீரான் பாய், நீங்க சொல்லுங்க."

பீரான் முப்பது வருஷம் கரும்பு வெட்டியவர். வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பிறை பார்க்கும் அன்றைக்கு மட்டும், கூர்மையான கண் என்று ஊரே அவரை முன்னால் நிறுத்தும். இப்போதும் பதினைந்து தலைகளும் வானத்தை விட்டு அவர் பக்கம் திரும்பின.

பின்னால் நின்ற மகள் நஸ்மீன் கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். 'இல்லேன்னு சொல்லுங்க வாப்பா.'

பீரான் மேற்கே வெகுநேரம் பார்த்தார்.

"பார்த்தேன், மேகம் மூடுறதுக்கு முந்தியே. புகைபோக்கிக்கு மேலே ரெண்டு விரக்கடை. கொம்பு வலப்பக்கம்."

'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. ஆளை ஆள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

நஸ்மீன் தலைநகர் சுவாவில் இரண்டு வருஷம் தங்கிப் படித்துவிட்டுப் போன மாதம்தான் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து நாடி நகரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை, சேர்ந்து மூன்று வாரம். காலண்டரை நம்பிச் சனிக்கிழமைக்கு லீவு வாங்கியிருந்தாள். நாளை வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்குகிறது, அன்றைக்கு யாருக்கும் லீவு இல்லை.

மத்தியானம் அப்பாவிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"வானம் மூடிக் கெடக்கு வாப்பா. இன்னைக்கு ஒரு நாள் குன்றுக்குப் போகாம இருங்களேன். நாளைக்கே பெருநாள்னா என் வேலை போயிடும்."

"பிறை தெரிஞ்சாலும் பார்க்கலேன்னு சொல்லச் சொல்றியா? இதத்தான் சுவாவில படிச்சுட்டு வந்தியா?"

இப்படிக் கேட்டுவிட்டோமே என்று அவளுக்கே கூசிப்போனது.

குன்றிலிருந்து இறங்கும்போதே ஓட்டல் மேலாளர் செலினாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்கா? உங்க பெருநாளுக்கு ஒரு தேதி கெடையாதாம்மா?"

"பிறை தெரிஞ்சாத்தான் மேடம் தேதி."

"எங்க கிறிஸ்துமஸ் எந்த நிலாவையும் கேட்டுக்கிட்டு வர்றதில்ல. ஆறு மணிக்கு வா. வரலேன்னா அந்த இடத்துல வேற ஆள் நிக்கும்."

"தொழுகைய முடிச்சுட்டு ஒன்பதுக்கெல்லாம் ஓடி வந்துடுறேன் மேடம்."

செலினா போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா ஜைபுன் சேமியா வறுத்துக்கொண்டே சொன்னாள். "நீ ஆறு மணிக்கே போடி. வேலை கெடைக்க எத்தனை படி ஏறுனே? அல்லாவுக்குத் தெரியாதா?"

பீரான் விடவில்லை. "என் சாட்சியில ஊரே தொழப் போகுது. என் பொண்ணு மட்டும் வரலேன்னா ஊரு என்ன சொல்லும்? பீரான் வீட்டுலயே அவனை நம்பலேன்னு சொல்லாது?"

நஸ்மீன் நம்பினாள். அதனால்தான் காலையில் புதுத் துணி உடுத்திப் பள்ளிவாசலுக்குப் போனாள். தொழுகை முடிந்ததும் யாருக்கும் சலாம்கூடச் சொல்லாமல் ஓடிவந்து, சிவப்புச் சீருடையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம். மேசையில் வேறொருத்தி நின்றாள். செலினா கோபப்படவில்லை. "பெருநாள் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு, பெயர் வில்லையைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நஸ்மீன் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் அரைத்துக்கொண்டு வந்தாள். 'உங்க உண்மைக்கு என் சோறு போச்சு வாப்பா.' ஊருக்கு முன்னால் நல்லவராக நிற்பதற்குப் பெற்ற மகளைப் பலி கொடுத்துவிட்டார். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லையே. அந்த ஒன்றுதான் அவளைக் கத்தவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

வீட்டு வாசலில் உச்சி வெயில் கண்ணைக் குத்தியது. ஜைபுன் சேமியாத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பீரான் மட்டும் வெள்ளைத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நஸ்மீன் போய் அவருக்கு நேர் எதிரே நின்றாள். இடையில் இரண்டு முழம் இருக்காது. கன்னத்து ஈரத்தை அவள் துடைக்கவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

காலடிச் சத்தம் கேட்டு பீரான் நிமிர்ந்தார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார். சிரித்தார்.

"வந்துட்டியா ஜைபுன்? பொண்ணு இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"