புரொப்பெல்லரில் ஒரு விரிசல்

“என்ன சொன்னாலும் தலையாட்டிடுங்க. எதிர்த்துப் பேசினா நம்ம கல்யாணம் நடக்காது” என்று சொல்லித்தான் அவள் பல் டாக்டரை ஷெட்டுக்குள் அனுப்பினாள்.

உள்ளே இன்ஜினியர் தன் மாடல் விமானத்தின் முன்னால் குனிந்திருந்தார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவங்களைக் கல்யாணம் பண்ணிக்க உங்க சம்மதம் கேட்டு வந்திருக்கேன்.”

“அதை அப்புறம் பேசலாம். இந்தப் புரொப்பெல்லரை மாட்டி நட்டை முறுக்குங்க. இன்ஜின் ஓடும்போது மட்டும் பக்கத்துல நிக்காதீங்க, பின்னால வந்துடணும்.”

டாக்டர் அந்த மரப் புரொப்பெல்லரைத் திருப்பிப் பார்த்தார். நடுத் துளையின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு. பல்லில் விரிசல் தேடியே பழகிய கண் அவருக்கு.

“இதை மாட்டக்கூடாதுங்க. விரிசல் விட்டிருக்கு.”

“நான் பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல, மாட்டுங்க.”

டாக்டருக்கு அவள் சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நட்டை முறுக்க எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க சம்மதிக்கலேன்னாலும் பரவாயில்ல. சுத்துற வேகத்துல இது தெறிச்சா உங்க கண்ணு போயிடும்.”

இன்ஜினியர் அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்தார். கோடு வாயைப் பிளந்தது. பிறகு, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி அதை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டார். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அம்மா, எனக்குச் சம்மதம். நீ இவரையே கட்டிக்கோ. அப்பான்னு கூப்பிடுறதுக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் டைம் கொடு.”