வேலிப் பக்கம் ஒரு பிளக்

“வீடு மொத்தத்துக்கும் ஓடணும். நாலு பல்பு எரியறதுக்குப் பேரு ஜெனரேட்டர் இல்ல,” என்று அதட்டினார் ஆல்சீட்.

“ரெண்டு ஏசியும் ஜம்முனு ஓடும்ணே,” என்றான், அதைப் பொருத்த வந்த டிராவிஸ்.

“ஃப்ரீஸர்? போன புயல்ல கரண்டு போயி, ஒரு ஃப்ரீஸர் நெறைய இறால் நாறிப்போச்சு. பாதி லூசியானா மூக்கைப் பொத்திச்சு.”

“பத்து ஃப்ரீஸர் தாங்கும்ணே.”

“அப்போ வேலிப் பக்கச் சுவத்துல வெளியே ஒரு பிளக் வை.”

“அங்க எதுக்குண்ணே?”

“சொன்னதைச் செய்டா!”

வேலை முடிந்ததும் டிராவிஸ் காகிதத்தை நீட்டினான். “வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்ணே.”

“லெராய் வேலைக்குப் போயிருக்கான், வந்து போடுவான். நான் பக்கத்து வீடு,” என்ற ஆல்சீட், ஐம்பதடி வயர் தன் ஃப்ரீஸர்வரை எட்டுகிறதா என்று பார்க்க வேலியைத் தாண்டினார்.