மூன்றாவது டிக்கெட்

கால்பந்து உலகக் கோப்பை மைதானத்தின் வாசலில் வெயில் சாய்கிறது. மூன்று டிக்கெட்டுக்காக இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்த பஸ் கண்டக்டர், இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிறார். "மடியில வச்சுக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க டிக்கெட்?" "இது பஸ் இல்ல சார், தலைக்கு ஒண்ணு வேணும்," என்கிறான் காவலாளி. "நான் இவளோட இருக்கேன். நீங்க போங்க, உங்க ஆசைதானே இது," என்கிறாள் மனைவி. "எனக்கு நின்னே பழக்கம். பெரியவனைக் கூட்டிட்டுப் போ." மகன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கூட்டத்தில் மறைகிறான். அவர் நடைபாதை ஓரத்தில் உட்காருகிறார். குழந்தை மூன்றாவது டிக்கெட்டை வாயில் வைக்கிறது. பதறிப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, பையில் பத்திரமாக வைக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானமே எழுந்து கத்துகிறது. யார் போட்ட கோல் என்று தெரியவில்லை. குழந்தை மறுபடி பைக்குள் கைவிட்டு டிக்கெட்டை எடுத்துக் கடிக்கிறது. இந்த முறை அவர் தடுக்கவில்லை.