உரிமையாளர் காணப்படவில்லை

அன்று கழிமுகத்துச் சேற்றுத் திடலில் இருந்தவர்கள் மூவர்: அறிவிப்போடு வந்த நாரை, சாட்சிக்கு வந்த கடலாமை, வளைக்குள் இருந்த நண்டு. பனிமூட்டத்தில் கடலும் வானும் ஒன்றாகிவிட்டதால், திடல் எதன் மீதும் படாமல் மிதப்பது போலத் தோன்றியது.

அந்தத் திடலைக் காப்புக் கடற்பகுதியாக அறிவிக்குமுன், நிலத்துக்கு உரியவரைத் தேடி அவர் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். எவரும் இல்லையென்றால் வளையும் நிலமும் அறிவிப்போடு போய்விடும்.

நாரை வளையின் வாயில் அலகை வைத்து அழைத்தது: "நிலத்துக்கு உரியவர் யார்? வெளியே வரலாம்."

"நான்தான் ஐயா. ஏழு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். வளையை விட்டுத் தர மாட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றது நண்டு, உள்ளிருந்தபடியே.

"குரலை ஏற்க முடியாது. நேரில் வர வேண்டும்."

"போன மாதம் என் அண்ணன் நேரில் வந்தான் ஐயா. இன்னும் வீடு திரும்பவில்லை."

"அது வேறு அலுவல்" என்றது நாரை, சற்றும் கூசாமல். "இது உங்கள் இனத்தைக் காப்பதற்கான அறிவிப்பு."

"அப்படியானால் பத்தடி தள்ளி நின்று காப்பாற்றுங்களேன்."

நாரை மும்முறை அழைத்தது. பிறகு ஈர மணலில் அலகால் எழுதியது: 'தேடினோம். உரிமையாளர் காணப்படவில்லை.' அதன் கீழே சாட்சியின் காலடி பதிந்தால்தான் அறிவிப்பு செல்லுபடியாகும்.

"வாருங்கள் அம்மா, இங்கே ஒரு கால் வையுங்கள்."

ஆமை அந்த வரியை நிதானமாகப் படித்தது. வளையைப் பார்த்தது. பிறகு எழுத்தின் மேல் கால் படாமல் சுற்றிக் கடந்து, பனிக்குள் இறங்கிப் போயிற்று.