சிரிக்காமல் இருந்தவள்

தொட்டிலின் தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் நாத்தனார் துளசிமணி. பாயில் அக்கம்பக்கத்துப் பெண்கள், வாசற்படியில் கணவன் சென்னியப்பன். பிள்ளை பெற்ற அமராவதி சுவரோரம் இருந்தாள்.

“மூக்கப் பாருங்க, எங்கண்ணனேதான்! இது குறட்டை உட்டா ஊரே எந்திரிச்சுரும்,” என்றாள் துளசிமணி. கூடமே சிரித்தது. அமராவதி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“பொட்டப் புள்ளையாப் போச்சுன்னு அண்ணிக்கு இன்னும் மூஞ்சி தெளியலீங்க.”

அதற்கும் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அன்று மாலையே போர்வெல் லாரியோடு வடக்கே கிளம்பியவன், அமராவதியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

போனில் சொல்லலாமென்றால், அவன் குரல் கேட்டதும் வீடே சுற்றி நின்றுகொள்ளும். அமராவதி கடிதம் எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடி ஊர், தேதி, நலம் எல்லாம் முறையாக எழுதிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். பாப்பாவைப் பிடிக்காமல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. மூத்திரத்தைப் பாதியில் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விடும்படி நர்சம்மா சொல்லியிருக்கிறார். எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

‘நீங்கள் வருவதற்குள் சரியாகிவிடும்’ என்று எழுதி, அதை அடித்தாள். ‘சரியாகாவிட்டாலும், வந்ததும் என்னைச் சிரிக்க வையுங்கள்’ என்று எழுதினாள்.

சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, அவன் தங்கும் இடத்து விலாசத்தை எழுதி, கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. பெட்டியின் வாய்க்குள் விட்ட கையை மட்டும் உடனே வெளியே எடுக்கவில்லை.