பெட்டிக்கு மேல் ஒரு குடை

அந்தி மங்குகிறது. மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் லாஞ்சிப் படகில், அதிகாரியின் காலடியில் வாக்குப்பெட்டி இருக்கிறது. அதன் இருபுறமும் எதிரெதிர் வேட்பாளர்களின் முகவர்கள், ஜுனைதீனும் கனகசூரியமும். நடுக்கடலில் மழை பிடித்துக்கொள்கிறது. ஜுனைதீன் பெட்டிக்கு மேலே குடையை விரிக்கிறார். குடை அவருடைய வேட்பாளரின் சின்னம். அதனாலேயே கனகசூரியம் ஒரு மாதமாக எந்த மழைக்கும் குடை பிடித்ததில்லை. இப்போதும் விலகி உட்கார்ந்து நனைகிறார். “கிட்ட வாங்க, தம்பி. வோட்டுப் போட்டு முடிஞ்சுது.” “எனக்கு வேண்டாம், நானா,” என்று அண்ணன் முறை சொல்லியே மறுக்கிறார் கனகசூரியம். “பெட்டிக்குப் பிடியுங்கோ.” “மூதூர் இரட்டைத் தொகுதி, ரெண்டு எம்.பி.தானே? உங்கட ஆளும் பார்லிமெண்டுக்குப் போகட்டும், எங்கட ஆளும் போகட்டும்.” கனகசூரியத்துக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நகர்ந்து வந்து, காற்றில் திமிறும் குடைக்காம்பை அவரும் பிடித்துக்கொள்கிறார். பெட்டியில் ஒரு துளி விழவில்லை. ஜுனைதீனுக்கு இடது தோளும் கனகசூரியத்துக்கு வலது தோளும் நனைந்துகொண்டிருக்கின்றன.