இருபத்தேழாவது கட்டம்

மரச்சுவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரம்மா ஒளிந்து நின்றாள்.

நின்றது டேப்லெட்டில். உடம்பு என்னவோ சமையலறை நாற்காலியில்தான் இருந்தது. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரக்குப் பெட்டி. இன்று எப்படியும் வருங்கால மருமகளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

வேலைக்கு வெளியூர் போன மகன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஏற்றிக்கொடுத்த விளையாட்டு அது. கல்லையும் மரத்தையும் வெட்டி, கட்டி கட்டியாக அடுக்கி வீடு கட்ட வேண்டும். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். மகன் சேர்த்துவிட்டால், வேறு யாரும் தங்கள் போனிலிருந்தே அதே வீட்டுக்குள் வந்து போகலாம். பெட்டிக்கு இருபத்தேழு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரே வகைச் சரக்கு, அறுபத்து நான்கு வரை.

கடை முழுக்க மருந்தைக் கட்டி மேய்ப்பவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

போன வாரம்தான் கணக்கு உதைத்தது.

பத்து கட்டம் காலியாக இருக்க வேண்டிய பெட்டியில் பன்னிரண்டு காலியாக இருந்தது. கொஞ்சம் ரொட்டி போயிருந்தது; அது போகட்டும், யாருக்கோ பசி. மற்ற சரக்கெல்லாம் அப்படியே இருக்க, இடம் மட்டும் எப்படிக் கூடும்?

உற்றுப் பார்த்தாள். மூன்று கட்டத்தில் இருபது இருபதாகச் சிதறிக் கிடந்த கற்களை யாரோ ஒரே கட்டத்தில் சேர்த்திருந்தார்கள். காலி இடத்தையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, அவள் வைத்துக்கொள்ளட்டும் என்பது போல விட்டிருந்தார்கள்.

மகனா? ஒரு ஜோடி காலுறையை ஒரே இடத்தில் கழற்றத் தெரியாத பிள்ளை அவன்.

போனில் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினான்.

"வேற யாரும்மா வரப்போறாங்க? நீ பாட்டுக்கு விளையாடு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அந்தச் சிரிப்பு ஒன்றே போதும். ஒரு பெண் இருக்கிறாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

அப்பாவிடம் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வாரம் ஆகிறது. அவருடைய மோட்டார் ரிப்பேர் கடையில் மிஞ்சிய செப்புக் கம்பி, ஓடாத விசிறி, கழற்றிப் போட்ட சுவிட்ச் எல்லாம் படுக்கையறை அலமாரியில்தான் குடித்தனம் நடத்தின. தன் துணிமணிக்கு ஒரு தட்டு கேட்டாள். ஒரே ஒரு தட்டு. என்றைக்காவது உதவும் என்று மனிதர் ஒரேயடியாக முரண்டு பிடித்தார்.

அன்றிலிருந்து, யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்ற கணக்கு. அவள் துணிகள் இன்னும் சூட்கேசில் கிடந்தன. இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டில் தனக்கு ஒரு தட்டு இல்லையே என்று நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

அதனாலேயே மருமகள்மேல் பிரியம் பொங்கியது. இடம் விட்டுக்கொடுக்கத் தெரிந்த பெண்! தினமும் பெட்டியில் பூவும் ஆப்பிளும் வைத்தாள். பதிலுக்கு வழவழப்பான கல்லும் கண்ணாடியும் வந்தன. சிலரையெல்லாம் பெற்றவள் எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று, ஹாலில் இருப்பவர் காதில் விழும்படி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

இன்று விடுமுறை நாள். பெட்டியிலிருந்த சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, இருபத்தாறு கட்டத்தையும் வெறும் மண்ணால் நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேக். கேக் பொல்லாதது. ஒன்றே ஒன்றாக இருந்தாலும் ஒரு கட்டம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு எதையாவது வைக்க இடம் வேண்டுமே, மருமகள் கேக்கை எடுக்காமல் போகமாட்டாள்.

விளையாட்டு வீட்டின் கதவு திறந்தது. பெட்டியின் மூடி மெல்ல எழும்பியது.

கிரீச்.

டேப்லெட்டில் ஒன்று. ஹாலில் ஒன்று.

மருந்துக்கடைக்காரம்மாவின் விரல் அப்படியே நின்றது.

வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். எதையும் முழுச் சத்தத்தில்தான் வைப்பார். மற்ற நாட்களில் அவரும் அவர் போனும் ரிப்பேர் கடையில் இருப்பார்கள். இன்று அவருக்கும் விடுமுறை.

சமையலறை வாசலருகே போய் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, மனிதர் சோபாவில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அவரிடமும் மகன் அதே சிரிப்பைத்தான் சிரித்திருப்பான். மருமகள் கேக் வைத்திருக்கிறாளாம்! இவரும் அவளுக்காகத்தான் மாய்ந்து மாய்ந்து கல்லை வழவழப்பாக்கியிருக்கிறார்.

மகன் மட்டும் கையில் கிடைத்தால் காதைத் திருகியிருப்பாள். அதைவிடக் கொடுமை, ஒரு வாரமாக அவள் வாய் ஓயாமல் புகழ்ந்தது தன் மாமியாரின் வளர்ப்பை.

ஹாலில் அவர் போனிலிருந்து கேக்கை மெல்லும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு. இரண்டு துண்டு. மூன்றாவது துண்டுக்கு அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏங்க, போதும் நிறுத்துங்க! உடம்புல சுகர் இருக்குறது ஞாபகம் இருக்கா இல்லையா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோற்றாயிற்று.

மெல்லும் சத்தம் சட்டென்று நின்றது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிரீச்.

மருந்துக்கடைக்காரம்மா டேப்லெட்டைப் பார்த்தாள். பெட்டி மூடியேதான் இருந்தது.

படுக்கையறைக்குள் செப்புக் கம்பிகள் கலகலவென்று தரையில் விழுந்தன.